சீனாவுல ஹைஸ்கூல் பசங்களோட இங்கிலீஷ் ரீடிங்கை எப்படி டெஸ்ட் பண்றாங்க?

வேளச்சேரி டியூஷன்: நான் ப்ளஸ் டூ பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன். புக் பேக் கேள்வின்னா பொளந்து கட்டுறாங்க, தெரியாத பத்தி ஒண்ணு குடுத்தா முழிக்கறாங்க, ரொம்ப கவலையா இருக்கு. சீனாவுல காலேஜ் சேர எழுதற காவ்காவ் எக்ஸாம்ல இதை எப்படி சோதிக்கறாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

அடையாறு வாசகி: சார், தேசிய பேப்பர்ல இங்கிலீஷுக்கு மொத்தம் 150, அதுல ரீடிங் மட்டும் 50. நாலு பத்தி, 15 கேள்வி, ஒவ்வொண்ணும் 2.5 மார்க். அந்த 50ல மீதி மார்க்குக்கு அடுத்து வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு பத்தில 5 வாக்கியத்தை உருவிட்டு கீழ 7 குடுப்பாங்க, எது எங்க பொருந்தும்னு கண்டுபிடிக்கணும், மீதி ரெண்டு குழப்பறதுக்குன்னே இருக்கும். 'பட்', 'திஸ்' மாதிரி வார்த்தை முன்னாடி வந்த எதைச் சொல்லுதுன்னு பாக்காம போட முடியாது, மனப்பாடம் இங்க செல்லாது.

பெரம்பூர் தம்பி: ஆனா அக்கா, அந்த 15 கேள்வியும் நாலு ஆப்ஷன்னா குருட்டாம்போக்குல கூட டிக் அடிக்கலாமே? அதே பேப்பர்லயே ஒரு கதையை பாதில நிறுத்தி, மீதிய ரெண்டு பாராவுல எழுதச் சொல்றாங்க, 25 மார்க். கதை புரியாம அதை எழுதவே முடியாது, என்னைக் கேட்டா அதுதான் உண்மையான டெஸ்ட்.

வேளச்சேரி டியூஷன்: ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஒரு கட்டுரையை எடுத்து, அந்த 7க்கு 5 மாதிரி முதல்ல குடுத்துப் பாக்கறேன்.