உதவி: டீசல்ஃபேட்டர் மாட்டியும் இன்வெர்ட்டர் பேட்டரி தாங்கல

கூடல்வாசி: 150 ஏஎச் பேட்டரி. கரன்ட் போனா அரை மணி நேரம்கூட நிக்கல. பல்ஸ் டீசல்ஃபேட்டர் (பிளேட்ல படிஞ்ச சல்ஃபேட்டைக் கரன்ட் துடிப்பால கரைக்கும்னு விக்கிற டிவைஸ்) மாட்டி ஒரு வாரம் ஆச்சு, மாற்றமே இல்ல. டிவைஸ் போலியா? அவசரம்.

தாமிரம்: பிளேட் எந்த வகை, டியூபுலரா (குழாய்), ஃப்ளாட் பிளேட்டா (தட்டை)? எத்தனை வருஷம்? லோடு எவ்வளவு? கூடவே சார்ஜர் ஓடுச்சா? இல்லன்னா அந்த டிவைஸ் பேட்டரியில இருந்தேதான் கரன்ட் எடுக்கும், இன்னும் இறங்கும்.

எப்சம்பிரியன்: எப்சம் சால்ட்டை (மெக்னீசியம் சல்ஃபேட்) டிஸ்டில்ட் வாட்டர்ல கரைச்சு ஒவ்வொரு செல்லுக்கும் ஊத்துங்க. சல்ஃபேட் விட்டுடும்.

செல்ஆறு: வாராவாரம் இதே கேள்வி. ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி அளக்கிற கருவி) ரீடிங் இல்லாம பேட்டரி கேள்வி கேட்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சார்ஜ் ஏத்தியும் ஆறு செல்லும் ஒரே மாதிரி இறங்கியிருந்தா பெரும்பாலும் சல்ஃபேஷன், அதாவது பிளேட்ல சல்ஃபேட் படிஞ்சிருக்கு. ஒண்ணு மட்டும் 1.100ல கிடந்து, சார்ஜ் ஏறும்போது அதுல குமிழியே வரலன்னா உள்ளே ஷார்ட். அதை எந்தப் பல்ஸும் எழுப்பாது. எப்சம் சால்ட்டும் ஏற்கெனவே சல்ஃபேட்தான், பிளேட்ல படிஞ்சதைக் கரைக்காது.

கூடல்வாசி: டியூபுலர், 4 வருஷம். எல்லா செல்லும் 1.170–1.180. வோல்ட் 12.1. ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்துறேன். ஆசிட் சேர்க்கலாமா?

தாமிரம்: வேண்டாம். குறைஞ்ச ஆசிட் எங்கேயும் போகல, சல்ஃபேட்டா பிளேட்லதான் ஒட்டியிருக்கு. மேல ஊத்தினா ரீடிங் ஏறும், பேக்கப் ஏறாது. இன்வெர்ட்டர்ல இருந்து கழட்டுங்க. தனி சார்ஜர்ல 7 ஆம்பியர், வோல்ட் 15.5–16 வரைக்கும் போகட்டும். இன்வெர்ட்டர் சார்ஜர் 14.4 பக்கத்துலயே நிறுத்திடும், அதனாலதான் பழைய சல்ஃபேட் அப்படியே கிடக்கு. மணிக்கொரு ரீடிங், தொடர்ந்து மூணு ரீடிங் நகரலன்னா சார்ஜ் முடிஞ்சது. 50 டிகிரி தொட்டா நிறுத்தி ஆறவிடுங்க. ஹைட்ரஜன் வரும், ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது.

பல்ஸ்வாலா: பல்ஸும் சேர்ந்தா சீக்கிரம் ஏறும்.

செல்ஆறு: ஏத்துறது சார்ஜர். பேர் வாங்குறது பல்ஸ்.

நீர்த்துளி: ஆர்.ஓ.வை யாரும் கேட்கலயா? அதுல குளோரைடும் இரும்பும் மிச்சம் இருக்கலாம். குளோரைடு பாசிட்டிவ் கிரிட்டை (பிளேட்டோட ஈயச் சட்டம்) அரிக்கும், இரும்பு சும்மா இருக்கும்போதே சார்ஜைத் தின்னும். ஏசியில சொட்டுற தண்ணியைப் பிடிச்சு ஊத்தலாம்.

செல்ஆறு: ஏசி தண்ணி உள்ளே இருக்கிற குழாய்ச் சுருளோட தூசியையும் செம்பையும் கழுவிட்டு வருது. டிஸ்டில்ட் வாட்டர் வாங்க காசில்லாதவங்களுக்கு பேட்டரி எதுக்கு?

நீர்த்துளி: வடிகட்டி டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட மொத்த அளவு) பார்த்தா போதும்.

தாமிரம்: டிடிஎஸ் மீட்டர் எது கலந்திருக்குன்னு சொல்லாது. கூடல்வாசி, சார்ஜ் முடிஞ்சதும் 55 வாட் ஹெட்லைட் பல்பு ரெண்டு மாட்டி 10.5 வோல்ட் வர எத்தனை மணி நேரம்னு பாருங்க. 8 மணி நேரத்துக்குக் கீழன்னா பாதிகூட மிச்சமில்ல.

கூடல்வாசி: 1.220 வந்துச்சு, மூணாவது செல் மட்டும் 1.195. பல்பு 9 மணி நேரம். நன்றி.

தாமிரம்: மூணாவதை மட்டும் அடுத்த மாசம் மறுபடி பாருங்க. தண்ணி ஊத்தின உடனே அளக்காதீங்க, சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு அளங்க.