ஹெட் கேஸ்கட் மாற்றியும் மறுபடி மிஸ்ஸிங்: தண்ணீர் கலக்காமலே கேஸ்கட் போகுமா?

கருப்பு மைனர்

வணக்கம். என்னிடம் இருப்பது 1964 மோரிஸ் மைனர், 1098 சிசி, ஏ-சீரிஸ் இன்ஜின். போன வருடம் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டதில் வண்டி நன்றாகக் கொதித்துவிட்டது. அப்போது ஒரு பட்டறையில் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்கி, அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்டை மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. இப்போது ஐடிலில் குலுங்குகிறது, மேட்டில் இழுவையே இல்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'பட் பட்' என்று ஒரு சத்தம் வேறு.

என் குழப்பம் இதுதான். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. வெள்ளைப் புகையும் இல்லை. பார்த்தவர்களில் ஒருவர் கார்புரேட்டர் என்கிறார், இன்னொருவர் வால்வு கருகியிருக்கும் என்கிறார். கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் கலந்திருக்க வேண்டாமா? ஹெட்டை மறுபடி இறக்குவதற்கு முன் எதை வைத்து உறுதி செய்வது?

பழைய ஸ்பேனர்

கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள், முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும், இல்லையென்றால் வரும் எண்ணை நம்ப முடியாது. அப்புறம் எது குறைவாகக் காட்டுகிறதோ அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு, இல்லையென்றால் கேஸ்கட். நாலு எண்ணையும் இங்கே போடுங்கள்.

கருப்பு மைனர்

பார்த்துவிட்டேன். 1-வது 155, 2-வது 70, 3-வது 70, 4-வது 150 பிஎஸ்ஐ. ஆயில் ஊற்றியும் 2, 3 இரண்டிலும் ஏறவில்லை.

பட்டறை மணி

தம்பி, பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒரே அளவுக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு வால்வு ஒரே நேரத்தில் இப்படி அச்சடித்த மாதிரி கருகுவது அபூர்வம். 2-க்கும் 3-க்கும் நடுவில் கேஸ்கட் எரிந்து வழி விட்டிருக்கிறது. ஒன்றின் காற்று இன்னொன்றுக்குள் போகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் தண்ணீர்ப் பாதை குறுக்கே வராததால் தண்ணீரும் கலக்காது, புகையும் வராது. நீங்கள் கேட்கும் சத்தமும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த இன்ஜினில் அந்த இடம் ஏன் போகிறது என்றால், ஹெட்டில் எக்ஸாஸ்ட்டுக்கு மூன்று போர்ட்தான். 1-க்கு ஒன்று, 4-க்கு ஒன்று, நடுவில் இருப்பது 2-க்கும் 3-க்கும் பொது. இரண்டு எக்ஸாஸ்ட் வால்வும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கும். கொதித்த இன்ஜினில் முதலில் வளைவதும் அங்கேதான்.

இதைச் சொல்வது எதற்கென்றால், கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் இதுவும் கொஞ்ச நாள்தான். போன தடவை ஹெட்டையும் பிளாக்கையும் யாராவது ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர் விளிம்புப் பட்டை) வைத்து வளைவு பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி. பார்த்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

இறக்கும்போது இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு, வால்வுகளை அழுத்தும் ராக்கரின் பிராக்கெட் நட்டுகளோடு வெளிவரிசை நட்டுகளையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ராக்கரைப் பிடிக்கும் எட்டு நட்டில் நாலு ஹெட்டையும் பிடித்திருக்கிறது. அந்த நாலை மட்டும் முதலில் விட்டால் ஹெட் ஒரு பக்கமாக இழுத்து வளையும். ராக்கரைத் தள்ளும் புஷ்ராடு கம்பிகளை எடுத்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள்.

ஹெட்டின் முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) நுழைகிறதா பாருங்கள். 0.05 மிமீ தகடு நுழைந்தால் நான் ஃபேசிங்குக்கு (முகத்தைச் சீவிச் சமமாக்க) அனுப்பிவிடுவேன். அனுப்பும்போதே 2, 3 வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேசிங் போடுவது வீண் செலவு.

பிளாக்கை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பாதிக் குற்றம் அங்கேதான். ஹெட்டைப் பிடிக்கும் மரைக்கம்பியான ஸ்டட் ஏறும் ஓட்டையின் வாயில் இரும்பு மெல்ல மேலே இழுபட்டு ஒரு வளையமாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். அது நிற்கிற வரைக்கும் பக்கத்தில் கேஸ்கட் அழுந்தாது.

ரெஞ்சுக்காரன்

நான் இரண்டு பக்கமும் காப்பர் ஸ்ப்ரே அடித்துத்தான் போடுவேன். லேசான வளைவு இருந்தால் அதுவே சமாளித்துவிடும், ஃபேசிங் எல்லாம் தேவைப்படாது.

பட்டறை மணி

ஸ்ப்ரே அடிப்பதில் தப்பில்லை, வளைவுக்கு மருந்தாக அடிப்பதுதான் தப்பு. நான் உலர்வாகவே போடுகிறேன். முகம் சமமாக இருந்தால் போதும்.

மூன்றாம் கியர்

ஒரு எச்சரிக்கை. கழற்றும் கேஸ்கட் பழைய இருப்பில் கிடந்த காப்பர் கேஸ்கட்டாக இருந்தால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், வயர் பிரஷ் போடாதீர்கள். நனைத்துவிட்டு எடுங்கள். மோட்டாரில் மாட்டும் உராய்வு டிஸ்க்கும் வேண்டாம். அதன் துகள் ஆயிலில் கலந்தால் பேரிங் போய்விடும்.

கருப்பு மைனர்

இறக்கிவிட்டேன். மணி அண்ணே சொன்ன அதே இடம். 2-க்கும் 3-க்கும் நடுவில் கேஸ்கட்டில் கருப்பாக ஒரு தடம், காப்பர் விளிம்பு எரிந்து காணவில்லை. ஹெட்டில் அந்த இடத்தில் 0.10 தகடு தாராளமாக நுழைகிறது. பிளாக்கில் நடு ஸ்டட் இரண்டின் வாயிலும் நகம் தட்டுகிறது. ஹெட்டை விரிசல் சோதனைக்குக் கொடுத்ததில் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள்.

0.15 மிமீ எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் லேத்காரர். கம்ப்ரஷன் ஏறி நாக்கிங் (இன்ஜினில் தட்டும் சத்தம்) வருமா? பிளாக்கில் இருக்கும் வளையத்தை எப்படி எடுப்பது?

பட்டறை மணி

0.15-க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஹெட் ஏற்கெனவே எத்தனை தடவை லேத்தைப் பார்த்திருக்கிறதோ தெரியாது, அதனால் மொத்த உயரத்தை அளந்து மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹெட் மெலிந்திருந்தால் ஸ்டட்டில் மரை முடிகிற இடத்தில் நட் முட்டி நின்றுவிடும். முறுக்கு அளவு வந்துவிட்டதாக டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், ஹெட்டோ அழுந்தியே இருக்காது. கையால் நட்டைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் கனமான, கெட்டி வாஷர் போடுங்கள்.

வளையத்துக்கு, ஸ்டட்டில் இரண்டு நட்டைப் பூட்டிக் கழற்றிவிட்டு, கவுன்டர்சிங்க் பிட்டைக் கையால் சுற்றி வாயில் லேசாகச் சரிவு கொடுங்கள். சிலிண்டருக்குள் துணி அடைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. தேங்கியதன் மேல் ஸ்டட்டை முறுக்கினால் பிளாக் வெடித்துவிடும்.

பழைய ஸ்பேனர்

ஹெட் வெளியே இருக்கும்போதே இரண்டு வேலை முடித்துவிடுங்கள். தண்ணீர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு குட்டி பைபாஸ் ஹோஸ் இருக்கிறதல்லவா, அதை மாற்றுங்கள். ஹெட் ஏறிய பிறகு அதை மாட்டுவதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். பிளாக்கின் பின்பக்க வடிகால் குழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், உள்ளே துரு அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். 4-வது சிலிண்டரைச் சுற்றித் துரு தேங்கினால் கொதிப்பது மறுபடி வரும். புது தெர்மோஸ்டாட்டையும் மாட்டும் முன் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பார்த்துவிடுங்கள்.

கருப்பு மைனர்

ரொம்ப நன்றி. கடைசியாக டார்க் பற்றி. ஒரே தடவையில் முறுக்கிவிடலாமா?

பட்டறை மணி

கூடாது. ஹெட்டைப் பிடிக்கும் ஒன்பது நட்டுக்கும் மரையில் ஒரு துளி ஆயில். நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போகிற வரிசையில் மூன்று கட்டமாக ஏற்றி, கடைசியில் 40 அடி-பவுண்டில் நிறுத்துங்கள். கேஸ்கட்டில் முன்பக்கம், மேல்பக்கம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் போடுங்கள். டாப்பெட் கிளியரன்ஸ் (ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி) குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம்.

ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி டார்க் வையுங்கள். ஒவ்வொரு நட்டாகக் கொஞ்சம் தளர்த்தி, உடனே 40-க்கு ஏற்றிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ராக்கரும் அதே நட்டில்தான் நிற்கிறது என்பதால், டார்க் வைத்த ஒவ்வொரு முறையும் டாப்பெட்டை மறுபடி செட் பண்ண வேண்டும். 500 கிமீ ஓடியதும் இன்னொரு தடவை. அப்போது கம்ப்ரஷனையும் பார்த்து நாலு எண்ணையும் இங்கே போடு தம்பி.