தம்பி ஏன் முகம் பார்த்துப் பேசவில்லை

தம்பி பதினோராம் வகுப்பு படிக்கும்போது பள்ளியிலிருந்து புகார் வந்தது: "பேசும்போது எங்கேயோ பார்க்கிறான், திமிர்." நாங்களும் அதட்டினோம். அவனுக்கோ, நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் கண்ணும் மூக்கும் புகைத் திட்டாகிவிடும். காதுப் பக்கம் பார்வையைத் திருப்பினால்தான் முகம் கொஞ்சம் பிடிபடும். அவன் இதை வாய்விட்டுச் சொல்வதற்குள் மூன்று கண்ணாடி மாற்றிவிட்டோம்.

விழித்திரை மருத்துவர் ஸ்டார்கார்ட் நோய் என்றார்; விழித்திரையின் நடுப்பகுதி கெடும் பரம்பரை நோய். ரத்தப் பரிசோதனையில் ஏபிசிஏ4 மரபணுவில் மாற்றம் தெரிந்தது. அது உருவாக்கும் புரதத்தில் 2273 அமினோ அமிலங்கள். அதில் 1961ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகக் குளுட்டமிக் அமிலம். அவ்வளவுதான் வித்தியாசம். ஒளியைப் பிடித்துச் செலவான வைட்டமின் ஏ-யை ஒளியுணர் செல்லில் தேங்கவிடாமல் நகர்த்துவது இந்தப் புரதத்தின் வேலை. அது சுணங்கினால் கழிவு சேர்ந்து, நடுப்பார்வைக்கான செல்கள் சாகின்றன. அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். இந்த மரபணு எல்லோரிடமும் இரண்டு பிரதியாக இருக்கும். இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருக்கிறது, இருவர் பார்வைக்கும் குறையில்லை. தம்பிக்குப் பழுதான இரண்டும் வந்துவிட்டது.

அப்புறம் டாக்டர், "மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்றார். கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா தினமும் காலையில் வைட்டமின் ஏ மாத்திரை கொடுத்துவந்தார். உடனே நிறுத்தச் சொன்னார். இந்த நோயில் அது கழிவைக் கூட்டக்கூடுமாம். கீரை, கேரட் சாப்பாட்டில் இருக்கலாம், மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெயும் வேண்டாம் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தயவுசெய்து, எந்த மரபணு என்று தெரியாமல் மாத்திரை கொடுக்காதீர்கள்.

—

அக்கா, என் மகளுக்கு மாலைக்கண்ணில் தொடங்கியது, ஆர்.பி. (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, இதுவும் பரம்பரை விழித்திரை நோய்) என்றார்கள். மரபணு ரிப்போர்ட்டில் ஒரு மாற்றத்தைக் குறிப்பிட்டு, நோய்க்கு அதுதான் காரணமா என்பது உறுதியில்லை என்று எழுதியிருந்தது. 'சரி, ஒன்றுமில்லை' என்று நினைத்துக்கொண்டேன். அப்படி அர்த்தமில்லையாம். பெற்றோர் எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்து மகளுடையதோடு ஒப்பிடக் கொடுத்திருக்கிறோம், முடிவு வரவில்லை. உங்கள் தம்பி இப்போது எப்படிப் படிக்கிறார்?

—

பி.காம். கடைசி வருஷம்மா. மொபைலில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறான், அலுத்துப்போனால் வாசிக்கவிட்டுக் கேட்கிறான். பஸ் நம்பரை மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்கிறான்.