வங்கக்கடல் மாடல் பாதியிலேயே வெடித்துவிடுகிறது

கேள்வி: ரோம்ஸ் (ROMS) என்ற கடல் கணிப்பு மாடலில் வங்கக்கடலுக்கு 5 கிலோமீட்டர் கிரிட் (கட்ட வலை) போட்டு ஓட்டுகிறேன். முதல் நாள் முடிவதற்குள் கடல்மட்டம் தாறுமாறாக ஏறி, லாக் (ஓட்டப் பதிவு) முழுக்க என்ஏஎன் (NaN, அதாவது எண்ணே இல்லாத விடை). டைம் ஸ்டெப் (மாடல் ஒரு தடவையில் தாவும் நேரம்) 600 வினாடி, கடல்மட்டக் கணக்குக்கு அதை உள்ளே 10 ஆகப் பிரித்திருக்கிறேன். காற்று டேட்டாவில் கோளாறா?

பதில் 1: காற்றை விடுங்க. 600-ஐ 10-ஆல் வகுத்தால் 60 வினாடி. 3000 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பு அலை வினாடிக்குச் சுமார் 171 மீட்டர் ஓடும், அதாவது 60 வினாடியில் 10 கிலோமீட்டர், உங்கள் கிரிட்டில் இரண்டு கட்டம் ஒரே தாவலில். ஒரு தாவலில் அலை ஒரு கட்டத்தைக் கூடத் தாண்டக் கூடாது, அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? 40 ஆகப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: 40 போட்டதும் வெடிக்கவில்லை, நன்றி. ஆனால் திருகோணமலைப் பக்கம் காற்றே இல்லாத நேரத்திலும் பலமான நீரோட்டம் காட்டுகிறது.

பதில் 2: அங்கே கரையை ஒட்டியே ஆழம் செங்குத்தாக இறங்குகிறது. சிக்மா அடுக்குகள் (மாடல் நீரைப் பிரிக்கும், கடலடியைப் பின்பற்றும் அடுக்குகள்) சரிவோடு சாய்வதால் அழுத்தக் கணக்கில் பிழை வரும். காற்றை நிறுத்தி, எல்லா இடத்திலும் ஒரே வெப்ப, உப்பு அடுக்கு கொடுத்து ஓட்டுங்கள். அப்போதும் நீர் நகர்ந்தால் அது பொய் நீரோட்டம். மாடலுக்குக் கொடுக்கும் ஆழத்தின் செங்குத்துச் சரிவைக் கொஞ்சம் மென்மையாக்கத்தான் வேண்டும். ஆனால் ரொம்ப மென்மையாக்கினால் அங்குள்ள கடலடிப் பள்ளத்தாக்கே காணாமல் போய்விடும்.