ஃப்ளோட் (தசம எண் வகை) இல்லாமல் கணக்குப் பார்த்த அனுபவங்கள்

கோப்பாய்ப் பக்கம் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்து விற்கிற பெடியன் ஒருவன் தன் போர்டைக் கொண்டுவந்தான். அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டு, சூடு அளக்க எல்எம்35 சென்சர். முட்டைக்கு வேண்டியது 37.5 பாகை. பெட்டியும் அந்தச் சூட்டில்தான் இருந்தது. டிஸ்ப்ளே காட்டியதோ மைனஸ் 0.9! யாழ்ப்பாணத்தில், சித்திரை வெயிலில்.

சென்சரின் வோல்ற்றை 0 முதல் 1023 வரை எண்ணாக மாற்றும் ஏடிசி 349 தருகிறது, அதன் உச்ச அளவான ரெஃபரன்ஸ் 1.1 வோல்ற். 349 × 1100 ÷ 1024 என்று எழுதியிருந்தான். விடை மில்லிவோல்ற்றில் வரும்; எல்எம்35 பாகைக்கு 10 மில்லிவோல்ற் தருவதால் அதைப் பத்தால் வகுத்தால் பாகை. கணக்குச் சரி, இடம்தான் போதாது. ஊனோவில் இன்ட் (முழு எண் வகை) என்றால் 16 பிட், 32767க்கு மேல் தாங்காது. பெருக்கினால் 383,900. அது சுற்றிப்போய் −9316 ஆகி, வகுத்ததும் −9.

யாரோ சொன்னார்கள் என்று முதலில் வகுத்தும் பார்த்திருக்கிறான். முழு எண் வகுத்தலில் பின்னம் போய்விடும், 1100 ÷ 1024 வெறும் 1, ஆகவே 34.9 பாகை. என்னைக் கேட்டால் இதுதான் ஆபத்து, பார்த்தால் நம்பிவிடுவோம். உள்ளே 40 பாகை தாண்டும்வரை ஹீட்டர் நிற்காது, முட்டை அவிந்துவிடும்.

லாங்காக (32 பிட் முழு எண்) மாற்றிப் பெருக்கி, கிட்டிய முழு எண் வர 1024இன் பாதி 512ஐக் கூட்டி, கடைசியில் 1024ஆல் வகுத்தோம். 512 இல்லாவிட்டால் 374, கூட்டினால் 375.

பதில்:
அண்ணா, நான் பார்த்தது வேறு மாதிரி. பக்கத்து வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டரை நிறுத்தும் பெட்டி. ரீடிங் ஆடாமல் இருக்க, புதியதில் பழையதைக் கழித்து, 16ஆல் வகுத்துப் பழையதோடு கூட்டியிருந்தார்கள். தண்ணீர் மெல்ல இறங்கி 510 என்பது 500 ஆனாலும் திரையில் 510தான். 10ஐ 16ஆல் வகுத்தால் பூச்சியம்தானே! வித்தியாசம் 15 வரை அசையாது. எங்கள் சுண்ணக்கல் மண்ணில், அதுவும் கரையோரம், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். அந்தப் பத்தைச் சும்மா விட முடியாது.

கடைசியில் ரீடிங்கின் 16 மடங்கை ஒரு மொத்தமாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் அதில் பதினாறில் ஒரு பங்கைக் கழித்துப் புது ரீடிங்கைக் கூட்டுவது, காட்டும்போது மட்டும் வகுப்பது. மிச்சம் மொத்தத்துக்குள்ளேயே கிடக்கும்.

பதில்:
ஓம் தம்பி, அது நல்ல வழி. ஃப்ளோட் போட்டாலும் ஓடும்தான், ஆனால் இந்தச் சிப்பில் அதற்கென்று வன்பொருள் இல்லை, எல்லாம் லைப்ரரி, புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் இடம் பிடிக்கும். ஒன்று மட்டும் பாருங்கள்: 1023 × 16 = 16368, இன்ட்டுக்குள் அடங்கும். 64 மடங்கென்றால் 65472, மைனஸ் இல்லாமல் 65535 வரை தாங்கும் அன்சைன்ட் இன்ட்டில் மயிரிழையில் கொள்ளும். 128க்குப் போனால் லாங்தான்.