ஃப்ளாட்ஹெட் பிளாக்கில் சிக்கிய வார்ப்பு மணல்: 1950 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்போடு என் அனுபவம்

ஃபோர்டின் பழைய ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சின் (வால்வுகள் பிளாக் எனும் வார்ப்பு உடலுக்குள்ளேயே இருக்க, மேலே தட்டையான தலை மூடிய எட்டு சிலிண்டர் எஞ்சின்) கொதிக்காமல் இருக்காது என்று பழைய வண்டி ஆர்வலர்கள் பலர் சொல்வதுண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. கலிபோர்னியாவில் ஒரு பாதாம் தோட்டத்தின் கொட்டகையில் நெடுங்காலம் அசையாமல் கிடந்த 1950ஆம் ஆண்டு எஃப்-1 பிக்கப்பை வாங்கி, அதே எஞ்சினோடு மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, கோடையிலும் ஓட்டி வருகிறேன். அந்தக் கொதிப்புக்கு எது காரணம், எது காரணம் இல்லை என்பதை என் அனுபவத்திலிருந்து சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1932இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம், எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் வடித்த வி8 எஞ்சினைச் சாமானியர்கள் வாங்கும் விலையில் கிடைத்த காரில் பொருத்தியது. 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத் திறனும் அன்றைக்குப் பெரிய விஷயம். சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழைய வண்டிச் சந்தைக்கு வந்தபோது, தென் கலிபோர்னிய இளைஞர்கள் அவற்றின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்தார்கள். அவர்களுடைய மன்றங்கள் சேர்ந்து 1937இல் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தன. மியூராக் ராணுவத்தின் கைக்குப் போய், இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளமாக இருக்கிறது. எல் மிராஜில் ஓட்டம் இன்றும் நடக்கிறது. பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைக்கும் ஹாட் ராட் என்ற மரபின் வேர் இந்த எஞ்சினில்தான் இருக்கிறது என்பதால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை.

என் வண்டியில் இருப்பது அதே குடும்பத்தின் பிந்தைய வடிவம்: 3.9 லிட்டர், 100 குதிரைத் திறன். இதன் வால்வுகள் சிலிண்டர் தலையில் இல்லை, பிளாக்குக்குள்ளேயே, சிலிண்டர்களின் பக்கத்தில் இருக்கின்றன. எரிந்த வாயு உள்பக்கத்து வால்வுகளிலிருந்து புறப்பட்டு, பிளாக்கின் குறுக்கே, குளிர்விக்கும் நீர் ஓடும் அறைகளின் ஊடாகச் சென்று வெளிப்பக்கமாக வெளியேறுகிறது. நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்வதால், பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வாயில்கள். வெளியே போக வேண்டிய வெப்பத்தில் கணிசமான பகுதி இப்படி நீருக்குள் இறங்கிவிடுகிறது. அமைப்பின் இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்டு இந்தக் குறையோடுதான் பல லட்சம் வண்டிகளை விற்றது, அவை பாலைவனங்களையும் மலைகளையும் கடந்து ஓடின. அன்று ஓடியது இன்று ஏன் கொதிக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கான விடையை எனக்குக் காட்டியவர், இந்த எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு முதிய லேத் பட்டறைக்காரர். பிளாக்கைக் கொண்டுபோய் இறக்கியதும் நான் போரிங் அளவைப் பற்றி, அதாவது சிலிண்டர்களை எவ்வளவு கடைந்து அகலப்படுத்துவது என்று, பேசத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்காமல், முதலில் காந்தத் துகள் சோதனையில் (காந்தமேற்றிய இரும்பின் மேல் துகள்களைத் தூவி விரிசலைக் காணும் முறை) விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும் என்றார். வால்வு அமரும் வளையத்திலிருந்து சிலிண்டர் சுவரை நோக்கி ஓடும் மெல்லிய விரிசல்தான் இந்தப் பிளாக்குகளின் வழக்கமான நோய். என் பிளாக்கில் அது இல்லை. அதன்பின் அவர் கொக்கியாக வளைத்த கம்பிகளை எடுத்து, நீர் அறைகளின் துளைகள் வழியே விட்டுக் கிளறினார். வந்தது துரு மட்டுமில்லை. தொழிற்சாலையில் பிளாக்கை வார்த்தபோது நீர் அறைகளுக்கு இடம் விட உள்ளே அடைத்த மணல் கெட்டியாக இறுகி, கட்டி கட்டியாக வந்தது. அந்த மணலைத் தாங்கிய கம்பித் துண்டுகளும் கூடவே வந்தன. இத்தனை ஆண்டுகளாக நீர் போக வேண்டிய இடத்தில் மணல் குடியிருந்திருக்கிறது! கிளறுவதும் உயர் அழுத்த நீரைப் பாய்ச்சுவதுமாக, தெளிந்த நீர் வரும்வரை அவர் விடவில்லை. பெரிய ரேடியேட்டர், மின்விசிறி, விலையுயர்ந்த அலுமினியத் தலைகள் என்று பணத்தைக் கொட்டுபவர்களில் பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்ற வேலைகள் இந்த வகை வண்டிகளுக்கு வழக்கமானவைதான். கேபினின் அடிமூலைகள் துருவில் கரைந்திருந்தன. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். மின்சாரம் 6 வோல்ட், நேர்முனை பூமியிணைப்பு, அதாவது பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பலர் இதை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். 6 வோல்ட்டில் அதே திறனுக்கு இரு மடங்கு மின்னோட்டம் தேவை. இன்றைய மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் சோம்பிச் சுற்றத்தான் செய்யும். தடித்த கேபிளும் துரு நீக்கிச் சுரண்டிய பூமியிணைப்பும் கொடுத்தபின் என் வண்டி குளிர்காலக் காலையிலும் தயங்காமல் உயிர்பெறுகிறது. பிரேக் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும்: நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான், ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். ஆகவே பழைய குழாய் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் மாற்றினோம்.

சான் பெர்னார்டினோவிலிருந்து எல் மிராஜுக்குப் போக கஹோன் கணவாயின் நீண்ட ஏற்றத்தில் ஏற வேண்டும். வலது ஓரத் தடத்தில், கனரக லாரிகளின் வரிசையில், மூன்றாவது கியரில் இழுக்காதபோது இரண்டாவதுக்கு இறக்கி, வெப்பமானியைப் பார்த்தபடி ஏறினேன். முள் உயர்ந்தது, ஆனால் ஓர் இடத்தில் நின்றது. அந்த நிலையில் அது நின்றபோது நான் அடைந்த மகிழ்ச்சியைப் பளபளக்கும் பெயின்ட் எதுவும் தந்திருக்காது. ஏரிப்படுகையின் ஓரத்தில் 1932 ரோட்ஸ்டர் (கூரை திறந்த கார்) ஒன்றின் உரிமையாளரான பெரியவர் ஒருவர் அருகே வந்து, பானெட்டைத் திறக்கச் சொன்னார். குதிரைத் திறனைக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடாகிறதா என்று கேட்டார். அளந்து பார்த்திருக்கிறேன் என்று சொன்னதும் கைகுலுக்கிவிட்டுத் தன் வண்டியின் எஞ்சினைக் காட்ட அழைத்துப் போனார்.

அவர் கேட்டதன் காரணம், இப்படி ஓர் எஞ்சினை வாங்கத் திட்டமிடுபவர்களுக்கும் பயன்படும். இந்த எஞ்சினில் பக்கத்துக்கு ஒரு நீர் பம்பும், சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு தெர்மோஸ்டாட்டும் இருப்பதால், ஒரு பக்கம் அடைத்துக்கொண்டாலும் மறுபக்கம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். எஞ்சினை நன்கு சூடேற்றி, மேலே உள்ள இரண்டு ரேடியேட்டர் குழாய்களின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் தனித்தனியே அளந்து பாருங்கள். பெரிய வேறுபாடு தெரிந்தால் அந்தப் பக்கத்துப் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் சோதியுங்கள். அவை சரியாக இருந்தால் பிளாக்கைக் கழற்றி மணலைத் தேடுங்கள்.