மூடி இறுக்கமாக இருந்தும் டப்பாவுக்குள் ஈரம்: வெள்ளிக்கிழமைக்குள் உதவி வேண்டும்

மஞ்சூர்வாசி (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற சிறிய டப்பா ஒன்றில் தீப்பெட்டியையும் மாற்றுப் பேட்டரிகளையும் வைத்து நீலகிரி மலையிலுள்ள மேல்பவானிக்குக் கொண்டுபோயிருந்தேன். மூன்றாம் நாள் இரவு, தங்கியிருந்த கொட்டகையில் அடுப்பு மூட்டுவதற்காகத் திறந்தால், குச்சிகள் நமுத்துப்போயிருந்தன. மூடியின் உட்புறத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. டார்ச்சில் போட்ட பேட்டரியிலும் உயிர் இல்லை. மூடியை நன்றாக அழுத்தித்தான் மூடியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் கிளம்ப வேண்டும், இம்முறை ஒரு வாரத் தங்கல். எந்த டப்பா வாங்கினால் இப்படி ஆகாது?

சாரல் (இரவு 9.58)

நண்பரே, டப்பாவைப் பரிந்துரைப்பதற்கு முன் சில விவரங்கள் தேவை. டப்பாவின் அளவு என்ன? மூடி திருகும் வகையா, பக்கவாட்டில் பூட்டும் வகையா? மரக்குச்சியா, மெழுகுக் குச்சியா? பேட்டரி எந்த வகை? இவை இரண்டைத் தவிர உள்ளே வேறு என்ன இருந்தது? அந்த வெள்ளை தூளாக இருந்ததா, பசைபோல் இருந்ததா?

குக்கர்கடை (இரவு 10.15)

விவரமே தேவையில்லை, குற்றம் வாஷரில்தான் இருக்கும். இருபது ஆண்டுகளாகக் குக்கர் பழுதுபார்க்கிறேன். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும், ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் எந்த ரப்பரும் அடைக்காது. வாஷரைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியால் மெல்லியதாகப் பூசுங்கள். வாசலைன் பூச வேண்டாம். சாதாரண ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும்.

மேட்டுப்பாளையத்தான் (இரவு 10.31)

இது உயரத்தின் வேலை. எங்கள் ஊரில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் ஊட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்துபோல் உப்பிவிடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இருப்பதைவிட அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏறும்போது டப்பாவிலுள்ள காற்று வெளியேறும், இறங்கும்போது மூடுபனியின் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் குளிரில் தண்ணீராக மாறிக் குச்சியில் இறங்கியிருக்கிறது.

கணக்கன் (இரவு 11.05)

ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே கேள்வி வருகிறது, ஒவ்வொரு முறையும் நானே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. கருத்துச் சொல்வதற்கு முன் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே வர வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் முழு ஈரம் ஏறிய காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். டப்பா கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் 6 மில்லிகிராம்கூட வராது. 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் 3 அல்லது 4 மில்லிகிராம்தான் நீராக மாறும். ஒரு சொட்டுத் தண்ணீர் 50 மில்லிகிராம். சொட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நீர் ஒரு பெட்டிக் குச்சியை நமுக்க வைக்காது.

ஈரம் குச்சியோடுதான் உள்ளே போயிருக்கிறது. ஆடி மாதச் சமையலறையில் திறந்து கிடந்த தீப்பெட்டி, தன் மரத்திலும் அட்டையிலும் காற்றைவிடப் பல மடங்கு ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும். முதலில் கெடுவது பெரும்பாலும் பெட்டியின் உரசும் பட்டைதான். சிவப்புப் பாஸ்பரஸ் அதில்தான் இருக்கிறது. குச்சி நன்றாக இருந்தாலும் பட்டை நமுத்துவிட்டால் தீ பிறக்காது. டப்பாவில் வைப்பதற்கு முன் தீப்பெட்டியை நான்கு நாட்கள் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், அது உதவாது.

கோத்தகிரிக்காரி (புதன், காலை 6.20)

தம்பி, எங்கள் அம்மா தீப்பெட்டியை எப்போதும் அடுப்புக்கு மேலுள்ள பலகையில்தான் வைப்பார்கள். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி ஒரு வாரம் காயாது. ஆனால் அந்தத் தீப்பெட்டி ஒருநாளும் ஏமாற்றியதில்லை. தீ மூட்டுவதற்குக் கற்பூரமும் கொண்டுபோங்கள். ஈர விறகின்மேல் இரண்டு வில்லை வைத்தால் போதும். கரைந்துபோகாமல் இருக்க அந்த டப்பாவில் நான்கு மிளகு போட்டு வையுங்கள்.

மஞ்சூர்வாசி (காலை 7.10)

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கால் லிட்டர் அளவுள்ள செவ்வக டப்பா, நான்கு பக்கமும் பூட்டும் மூடி. மஞ்சூரில் வீட்டிலேயே மூடி, கோரகுந்தா வழியாக நேராகப் போனேன். கீழே இறங்கவே இல்லை. மரக்குச்சித் தீப்பெட்டி ஒன்று, புதிய ஆல்கலைன் பென்சில் பேட்டரி இரண்டு, கற்பூரம் ஒரு பாக்கெட். ஈரம் படக்கூடாது என்று பேட்டரிகளைச் சமையலறை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தேன். பை முதுகிலேயே இருந்தது, தண்ணீரில் எங்கும் விழவில்லை. வெள்ளை, மூடியில் தூளாக இருந்தது. அலுமினியத் தாளுக்குள் வழுவழுப்பாக இருந்தது.

கணக்கன் (காலை 7.45)

கற்பூரத்தோடு மிளகு போடுவது வெறும் நம்பிக்கை, அம்மா. கற்பூரம் உருகாமலே ஆவியாகும் பொருள். மூடி இறுக்கமாக இருந்தால், டப்பாவிலுள்ள காற்றில் அதன் ஆவி நிறைந்தவுடன் இழப்பு நின்றுவிடும். தடுப்பது மூடி, மிளகுக்கு அதில் பங்கில்லை.

கோத்தகிரிக்காரி (காலை 8.02)

ஐயா, நான் முப்பது ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன், கார்த்திகைக்கு வாங்கியது பங்குனிவரை அப்படியே இருக்கிறது. மிளகு போடாமல் நீங்கள் வைத்துப் பார்த்ததுண்டா?

குக்கர்கடை (காலை 8.15)

அம்மா சொல்வதில் உண்மை இருக்கலாம். எங்கள் வீட்டிலும் மிளகு போடுவோம்.

கணக்கன் (காலை 8.21)

மிளகு இல்லாமல் இரண்டு மழைக்காலம் வைத்திருந்தேன், குறையவில்லை. ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களில், மிளகோடு ஒன்றும் மிளகில்லாமல் ஒன்றுமாக, எடை போட்டு வைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

சாரல் (காலை 8.40)

மிளகை விட்டுவிட்டு அலுமினியத் தாளைப் பாருங்கள், ஒருவரும் அதைத் தொடவில்லையே!

மஞ்சூர் நண்பரே, அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் உலோகம். பேட்டரியின் பக்கவாட்டுக்கு மேலுறை இருக்கிறது, இரண்டு முனைகளுக்கும் இல்லை. தாள் மேல்முனையையும் அடிமுனையையும் ஒரே நேரத்தில் தொட்டவுடன் சுற்று முடிந்து, பேட்டரி தன்னைத்தானே காலி செய்யத் தொடங்கும். அந்த வேகத்தில் கை பொறுக்காத அளவு சூடாகும், உள்ளே வாயு சேரும், அழுத்தம் மிஞ்சினால் அடிமுனை வழியாகக் கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். கடுமையான காரம், தொட்டால் சோப்பைப்போல் வழுக்கும். நீங்கள் சொன்ன வழுவழுப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காற்றுப் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும்.

மூடியில் இருந்த வெள்ளை வேறு. பேட்டரியின் சூட்டில் கற்பூரம் வேகமாக ஆவியாகி, குளிர்ந்த மூடியில் மறுபடியும் தூளாகப் படிந்திருக்கிறது. மோந்தாலே தெரியும். அந்தச் சூடே தீப்பெட்டியில் ஊறியிருந்த ஈரத்தையும் வெளியே தள்ளியிருக்கும். கணக்கன் ஐயா சொன்ன மர ஈரம் உண்மைதான். ஆனால் பேட்டரி செத்ததற்கு அது காரணமாகாது. மஞ்சூரும் மலைமேலேயே இருப்பதால் காற்றழுத்த வாதமும் இங்கே பொருந்தவில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது, சூடேறும் பேட்டரியும் தீக்குச்சியும் கற்பூரமும் ஒரே மூடிக்குள் இருந்ததுதான். தயவுசெய்து இரண்டு டப்பாக்களாகப் பிரியுங்கள். பேட்டரி முனைகளில் மின்பணியாளர் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பைச் சிறு துண்டாக ஒட்டிவிட்டு, வாய் திருகும் மருந்து டப்பா ஒன்றில் தனியாக வையுங்கள். அந்த டப்பாவில் சில்லறையோ சாவியோ வேண்டாம். உரசும் பட்டையை வெட்டியெடுத்து, குச்சித் தலையில் உராயாதபடி காகிதத்தில் மடித்து வையுங்கள்.

பழைய டப்பாவையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட துணியால் துடைத்து, கழுவிக் காயவையுங்கள். பிறகு ஊற்றுப்பேனா மையால் புள்ளி வைத்த காகிதத்தை உள்ளே போட்டு மூடி, வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் கல் வைத்து அமிழ்த்துங்கள். உள்ளிருக்கும் காற்று விரிவதால், ஓட்டை இருந்தால் குமிழி வரும். அரை மணி நேரம் கழித்து எடுத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, மைப்புள்ளி கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

குக்கர்கடை (காலை 9.05)

குமிழி வந்தால் வாஷர்தான்.

மஞ்சூர்வாசி (வியாழன், இரவு 10.50)

குமிழி வரவில்லை, மைப்புள்ளி அப்படியே இருக்கிறது. அலுமினியத் தாளைப் பிரித்தேன். ஒரு பேட்டரியின் அடியில் வெள்ளை பூத்து, தாளே அரித்து ஓட்டையாகியிருந்தது. புதிய பேட்டரிகளை டேப் ஒட்டி வேறு டப்பாவில் வைத்துவிட்டேன். தீப்பெட்டி நேற்றிலிருந்து அடுப்பு மேல் பலகையில் இருக்கிறது. கற்பூரத்தில் மிளகும் போட்டிருக்கிறேன், அம்மா. காலை 5 மணிக்கு வண்டி. அங்கே சிக்னல் இருக்காது. எல்லோருக்கும் நன்றி.